குறைப்பதற்கு வேண்டிய புகை

ஓலைக்காட்டுப்புதூரில் குளிர்காலம் என்று ஒன்று இருப்பது அரசாங்கம் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அதுவரைக்கும் மார்கழி பிறந்தால் ஃபேனை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைப்போம். தை முடிந்தால் மறுபடி ஐந்துக்குத் திருப்புவோம். மேச்சேரியிலிருந்து நாற்பது நிமிஷம் பஸ்ஸில் வரவேண்டிய ஊரில் ஒரு பருவகாலத்துக்கு இதற்கு மேல் மரியாதை செய்ய முடியாது.

அப்படி இருக்கையில், சென்ற ஆண்டு கார்த்திகைக் கடைசியில் பசுமைக் குளிர்காலக் குடும்பக் கொண்டாட்ட இயக்ககத்திலிருந்து பதினாலு பக்கத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. "குழந்தைகளுள்ள குடும்பங்கள் குளிர்காலத்தைச் சுற்றுச்சூழலுக்கு ஊறு நேராவண்ணம் கொண்டாடுவதற்கான வழிகாட்டு நெறிமுறைகள்" என்பது அதன் தலைப்பு. தாளுக்கு ஒரு புறம்தான் அச்சடித்திருந்தார்கள். மறுபுறத்தைக் காகிதச் சிக்கனத்துக்காக விட்டிருந்தார்களாம்.

நெறிமுறை ஒன்று: பனிமனிதன் செய்யும் குடும்பங்கள் மூக்குக்கு நெகிழிப் பொருளைத் தவிர்த்து கேரட்டைப் பயன்படுத்துதல் வேண்டும்.

பஞ்சாயத்துத் தலைவர் சௌந்திரம் அதை இரண்டு தரம் படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை தனப்பிரியாவைக் கூப்பிட்டார்.

"டீச்சர், பனிமனிதன்னா ஆருங்க?"

"பனியை உருட்டி உருட்டிச் செய்யற பொம்மைங்க."

"நம்மூர்ப் பனியை எப்படிங்க உருட்டறது? காலைல துண்டைத் தலையில போட்டுக்கிட்டுப் போனா துண்டு நனையும். அத வேணும்னா புழிஞ்சு தாரேன்."

கடைசியில் பிள்ளைகள் களிமண்ணில் ஒரு மனிதனைச் செய்து கேரட் மூக்கு வைத்தார்கள். படம் எடுப்பதற்குள் ஒரு செம்மறி வந்து மூக்கைத் தின்றுவிட்டது. அறிக்கையில் அதை "உணவுக் கழிவு மேலாண்மை: நூறு விழுக்காடு" என்று எழுதினார் டீச்சர். மேலிடத்திலிருந்து பாராட்டி ஒரு மெசேஜும் வந்தது. அந்த மெசேஜ்தான் எங்கள் புத்தியைக் கெடுத்தது.

இந்தக் கொண்டாட்டத்தில் எங்களுக்கு அக்கறை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தொடக்கப் பள்ளியின் ஓட்டுக் கட்டடத்தைப் பாதுகாப்பற்றது என்று சொல்லி இரண்டு வருஷத்துக்கு முன்னால் இடித்துவிட்டார்கள். இடிக்கிற மிஷின் சொன்ன தேதிக்கு வந்தது. கட்டுகிற உத்தரவு வரவில்லை. இருபத்தேழு வீட்டுப் பிள்ளைகள், மொத்தம் முப்பத்தொரு பேர், அதே இடத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படித்தார்கள். மார்கழியில் காலைப் பனி இலையிலிருந்து நோட்டில் சொட்டும். பிள்ளைகள் ஒன்று மாற்றி ஒன்று இருமும். என் மகள் யாழினி மூன்றாம் வகுப்பு. அவளுக்கு மூச்சிளைப்பு வேறு.

சுற்றறிக்கையின் பதிமூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: "பசுமைக் குளிர்கால ஊர்" என்ற சான்றிதழ் பெறும் ஊர்களுக்குப் பள்ளிக் கட்டட ஒப்புதலில் முன்னுரிமை வழங்கப்படும். அந்த வரியை டீச்சர் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, வேப்பமரத்தில் ஒட்டி வைத்தார்.

மார்கழி முதல் வாரத்தில் ஆய்வுக்கு வந்தார் திட்ட ஒருங்கிணைப்பாளர் மாதேஸ்வரன். சேலத்துக்காரர், நல்ல மனிதர். கையில் ஒரு தொடுதிரை டேப், தோளில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் புகையை அளக்கிற மிஷின். பெஞ்சில் உட்கார்ந்து டேப்பைத் திறந்தார்.

"சொல்லுங்க. போன போகிக்கு இந்த ஊர்ல எத்தனை கிலோ எரிச்சீங்க?"

"ஒண்ணும் எரிக்கலீங்க," என்றார் சௌந்திரம்.

"பயப்படாமச் சொல்லுங்கம்மா. கேஸ் எல்லாம் போட மாட்டோம்."

"நெசமாத்தானுங்க. எங்க பக்கம் போகிக்கு எரிக்கிற பழக்கமே இல்லீங்க. காப்புத்தான் கட்டுவோம். வேப்பந்தழை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூணையும் ஒரு கொத்தாக் கட்டி ஊட்டுக் கூரையில, காட்டு மூலையில, ஆட்டுப்பட்டியில சொருகுவோம். அவ்வளவுதானுங்க."

மாதேஸ்வரன் சைபர் என்று அடித்தார். டேப் சிவப்பாக ஒரு கட்டம் காட்டியது. மறுபடி அடித்தார். மறுபடி சிவப்பு.

"சைபர் ஏத்துக்க மாட்டேங்குதுங்க."

"இல்லாததுக்கு வேற என்னங்க போடறது?"

"அதாம்மா சிக்கல். இது புகைக் குறைப்புத் திட்டம். போன வருஷம் எவ்வளவு, இந்த வருஷம் எவ்வளவு, ரெண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு, அதுக்குத்தான் மார்க். எரிக்காதவங்க எதைக் குறைப்பீங்க?"

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "சார், புகையே இல்லாத ஊருக்குத்தானே சார் மொதப் பரிசு குடுக்கணும்?"

மாதேஸ்வரன் அவரைப் பரிவோடு பார்த்தார். "டீச்சர், குடியை விட்டவருக்குத்தான் மேடை போட்டு மாலை போடுவாங்க. குடிக்காதவருக்கு எந்த ஊர்லயாவது மாலை போட்டுப் பார்த்திருக்கீங்களா?"

நியாயமான பேச்சு. ஊரில் குடிக்காதவர்கள் இரண்டு பேர் அங்கே நின்றார்கள். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அந்தக் காப்பு சமாச்சாரத்தையும் வெளிய சொல்லாதீங்க," என்று குரலைத் தாழ்த்தினார் அவர். "தழை ஒடிக்கிறது, பூப் பறிக்கிறது எல்லாம் 'தாவரச் சேதம்' கலத்துல வருது. மைனஸ் மார்க்."

"அப்ப எங்க இஸ்கோலுக் கட்டடம்?" என்று கேட்டார் சௌந்திரம்.

மனிதர் நல்லவர் என்று முன்னமே சொன்னேன். டேப்பைத் தடவித் தடவி ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். பின்னிணைப்பு ஏழு: முந்தைய ஆண்டுப் பதிவு இல்லாத ஊர்கள், அலுவலர் முன்னிலையில், குழந்தைகளுடன் கூடிய குடும்பங்களின் பங்கேற்போடு, போகிக்கு முன்னதாக ஒருமுறை எரித்து "அடிப்படைப் புகை அளவை" நிறுவிக்கொள்ளலாம். பிறகு போகியன்று எரிக்காமல் இருந்தால் அது குறைப்பு.

"அதாவது, எரிக்காம இருக்கறதுக்காக ஒருக்கா எரிக்கணும்?"

"நல்லாப் புரிஞ்சுக்கிட்டீங்கம்மா. அடுத்த புதன்கிழமை பதினோரு மணிக்கு வாரேன். எரிக்கிறதுக்குப் பழைய பொருளாச் சேர்த்து வைங்க. நல்லாச் சேர்த்து வைங்க. அன்னிக்கு எவ்வளவு புகையோ, பின்னால அவ்வளவு மார்க்."

அப்போதுதான் ஊரில் பழைய பொருள் எதுவுமே இல்லை என்பது தெரிந்தது. வீடு வீடாகப் போய்க் கேட்டோம். கிழிந்த சேலை கால்மிதியாகியிருந்தது. கால்மிதி கிழிந்ததும் அடுப்புத் துணியாகியிருந்தது. பழைய பாயில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. பழைய டயர் மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியாகியிருந்தது. உடைந்த குடத்தைப் பழைய சாமான்காரரிடம் போட்டுப் புதுக் குடம் எடுத்திருந்தார்கள். கீழ்த்தெருக் கண்ணாத்தாள் மட்டும் ஒரு முறத்தைத் தந்தார். நாங்கள் நாலு அடி போவதற்குள் பின்னாலேயே ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார்.

"நடுவுலதான சாமி ஓட்டை? ஓரம் நல்லாத்தான இருக்குது."

குப்பைக்கு வக்கில்லாத ஊராகிவிட்டோமே என்று சௌந்திரத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரத்தில் கைகொடுத்தது நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். சங்ககிரி ரோட்டில் லாரி டயருக்கு ரப்பர் ஒட்டுகிற பட்டறையில் எனக்கு ராத்திரிக் காவல் வேலை. பட்டறை மேஸ்திரி அறிவிடம் போய், ரப்பர் ஒட்டக்கூட லாயக்கில்லாத டயர் கொஞ்சம் வேண்டும் என்றேன்.

"எதுக்குண்ணா?"

"எரிக்க."

"போலீஸ் புடிக்காதா?"

"அரசாங்கமே நின்னு எரிக்கச் சொல்லுது. பசுமைத் திட்டம்."

அறிவு மூலையில் கிடந்த குவியலைக் கைகாட்டினான். "பசுமைக்குன்னா எடுத்துக்கண்ணா. நல்ல காரியத்துக்கு இல்லேன்னு சொல்லக் கூடாது." பதினாறு டயரை அவனே லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து வேப்பமரத்துக்கு எதிரில் இறக்கினான்.

புதன்கிழமை பதினோரு மணி. இருபத்தேழு குடும்பமும் பிள்ளைகளோடு கூடியது. பிள்ளைகள் தலையில் இலைப் படம் போட்ட பச்சைத் தொப்பி. இயக்ககம் கொடுத்தது. மாதேஸ்வரன் மிஷினை வேப்பமரத்தடியில் நிறுத்தி, இடத்தைச் செயற்கைக்கோளில் பதிவு செய்தார். குழந்தைகளின் கையால்தான் தொடங்கிவைக்க வேண்டும் என்பது விதி. சௌந்திரம் கொள்ளியை யாழினி கையில் கொடுத்தார்.

யாழினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, நாளைக்கு எரிக்காம இருக்கறதுக்குத்தான் இன்னிக்கு எரிக்கறமா?"

"ஆமா கண்ணு."

"இன்னிக்கே எரிக்காம இருந்துட்டா?"

"இஸ்கோலு வராது."

மூன்றாம் வகுப்புக்கு இவ்வளவு போதும். பற்றவைத்தாள்.

டயர் பிடித்துக்கொண்டதும் ஆள் உயரம், பனை உயரம் என்று கரும்புகை எழுந்தது. எல்லோரும் கைதட்டினோம். மாதேஸ்வரன் மட்டும் மிஷினைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நாற்பதுதாங்க காட்டுது."

காற்று மேற்கிலிருந்து அடித்தது. எங்கள் புகை முழுக்கப் பக்கத்து ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது.

"மிஷினைத் தூக்கி அந்தப் பக்கம் வைங்க சார்," என்றார் டீச்சர்.

"முடியாது டீச்சர். இடம் பதிவாகிடுச்சு. மிஷின் புகைகிட்டப் போகக் கூடாது. புகைதான் மிஷின்கிட்ட வரணும்."

"இத்தன கஷ்டப்பட்டு எரிக்கறது நாம, மார்க்கு அவங்களுக்கா?" என்று ஒரு குரல் எழுந்தது. அதற்குப் பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. அறிவு லாரித் தார்ப்பாயை அவிழ்த்து வந்தான். எட்டு ஆம்பளைகள் நாலு பக்கமும் பிடித்துக் காற்றை மறித்தார்கள். பெண்கள் வரிசையாக நின்று முறத்தால் புகையை வேப்பமரத்தடிக்கு விசிறினார்கள். கண்ணாத்தாளின் ஓட்டை முறமும் அதில் இருந்தது. தொண்ணூறு, நூற்று எழுபது, முந்நூறு என்று மாதேஸ்வரன் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சத்தம் போட்டுச் சொல்லச் சொல்ல, ஊர் இன்னும் வேகமாக விசிறியது. நானூற்று எண்பதில் மிஷின் பீப் என்று ஒரு நீளக் குரல் கொடுத்தது. "அதிதீவிரம்!" என்று கத்தினார் அவர். முப்பத்தொரு பிள்ளைகளும் ஒன்றாக இருமின. ஒருவருக்கொருவர் முகம் தெரியாமல் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

புகை கொஞ்சம் கலைந்த பிறகு தேடினால், யாழினி தண்ணீர்த் தொட்டியோரம் உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். பச்சைத் தொப்பி கறுப்பாகியிருந்தது. மேச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மூக்கில் மூடி மாட்டிப் புகைமருந்து வைத்து, மூன்று நாள் வீட்டில் படுக்கவைத்தோம். கட்டடம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் அம்மாவிடம் சொன்னேன்.

போகியன்று எப்போதும்போல் எதையும் எரிக்கவில்லை. காப்பை மட்டும், மைனஸ் மார்க்குக்குப் பயந்து, வாசலில் கட்டாமல் கொல்லைப்புறத்தில் கட்டினோம். மிஷின் முப்பத்தெட்டு காட்டியது. நானூற்று எண்பதிலிருந்து முப்பத்தெட்டு. தொண்ணூற்று இரண்டு விழுக்காடு குறைப்பு. மாவட்டத்திலேயே நாங்கள்தான் முதல். பக்கத்து ஊர்க்காரர்கள் அந்தப் புதன்கிழமை எங்கள் புகையில் கொஞ்சம் கிடைத்ததை வைத்து மூன்றாம் இடம் வாங்கிவிட்டார்கள்.

தை மாதக் கடைசியில் விழா எடுத்தார்கள். ஊருக்கு ஒரு சான்றிதழ், வீட்டுக்கு ஒரு சான்றிதழ். "பசுமைக் குடும்பம்" என்று தங்க நிறத்தில் எழுத்து, சுற்றிலும் இலைக் கொடி, நடுவில் அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேரும் நிற்கிற கலர் போட்டோ, கீழே பெரிய கையெழுத்து, அழிந்துபோகாமலிருக்க மேலே கெட்டியான பிளாஸ்டிக் உறை. அரசாங்கத்திலிருந்து எங்களுக்குக் காகிதமே வந்ததில்லை என்று சொல்ல முடியாது. பட்டாவில் பெயர் தப்பு என்று வந்திருக்கிறது. ரேஷன் கார்டில் ஆள் குறைகிறது என்று வந்திருக்கிறது. எங்களைப் பார்த்து "தங்களைப் பாராட்டுகிறோம்" என்று வந்தது இது ஒன்றுதான். மறுநாளே மேச்சேரிக் கண்ணாடிக் கடையில் சட்டம் தீர்ந்துபோயிற்று.

மாசியில் பள்ளிக் கட்டடப் பிரிவிலிருந்து பதில் வந்தது. டீச்சர் அதை வேப்பமரத்தடியில் நின்று உரக்கப் படித்தார்.

"தங்கள் கோரிக்கை முன்னுரிமையுடன் பரிசீலிக்கப்பட்டது. உத்தேசப் பள்ளி வளாகத்திலேயே காற்று மாசு 480, அதாவது அதிதீவிரம், எனப் பதிவாகியிருப்பதால், குழந்தைகளின் நுரையீரல் நலன் கருதி, அவ்விடத்தில் பள்ளிக் கட்டடம் எழுப்ப மூன்றாண்டுகளுக்கு அனுமதி இல்லை."

சௌந்திரம் அன்றைக்கே பஸ் ஏறிப் போய் மாதேஸ்வரனைப் பிடித்துவிட்டார். டீச்சரும் நானும் கூடப் போனோம்.

"ஏனுங்க, உங்க பேச்சைக் கேட்டுத்தான எரிச்சோம்?"

"நான் குறைப்புப் பிரிவுங்கம்மா. எங்க பிரிவுல நீங்கதான் ஃபர்ஸ்ட். அது மாசுப் பிரிவு. அவங்க குறைப்பைப் பார்க்க மாட்டாங்க, உச்சத்தைத்தான் பார்ப்பாங்க."

"அந்தப் புகை சும்மா கணக்குக்கு எரிச்சது, எங்கூர்ல புகையே கெடையாதுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

"எழுதலாம். ஆனா புகையே இல்லைன்னா குறைப்பும் இல்லை. அப்ப நீங்க வாங்குன சான்றிதழ் எல்லாம் செல்லாது. இருபத்தேழு குடும்பமும் தாமா முன்வந்து, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் குடுக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் மிஷின் பதிவை அழிக்க முடியாது."

"அவ்வளவுதானுங்களா? ஒரு வாரத்துல கொண்டாந்துடறோம்," என்றார் சௌந்திரம்.

கிராம சபை கூடியது. சௌந்திரம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "ஆரு மொதல்ல குடுக்கறீங்க?" என்று கேட்டார். ஒருவர் எழுந்து போய் ஃபேனை ஐந்துக்குத் திருப்பிவிட்டு வந்தார்.

"எங்க பொண்ணுக்கு மாப்பிள்ளை வாரப்ப செவுத்துல அதுதானுங்க மொதல்ல கண்ணுல படுது," என்றார் ஒருவர்.

"சட்டம் போட்டாச்சு. கழட்டுனாக் கண்ணாடி ஒடையும்," என்றார் இன்னொருவர்.

"நான் குடுக்கலாமுங்க. ஆனா எங்க பங்காளி குடுக்காம வெச்சுக்கிட்டான்னா, நாளைக்கு அவன் பசுமைக் குடும்பம், நான் என்ன குடும்பம்?"

"தலைவரு மொதல்ல குடுக்கட்டும்," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

சௌந்திரம் தண்ணீர் குடித்தார். ஊர்ச் சான்றிதழைத் தாம் தனியாகத் தரமுடியாது, அது பொதுச் சொத்து என்றார். வீட்டுச் சான்றிதழைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கூட்டம் "மீண்டும் கூடி முடிவெடுப்பது" என்ற தீர்மானத்தோடு ஒருமனதாகக் கலைந்தது.

டீச்சர் விடவில்லை. ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். இரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். பையில் எடை இருந்தது. சரி, ஊர் திருந்திவிட்டது என்று நினைத்தேன். பையிலிருந்து அவர் எடுத்தது ஒரே ஒரு சட்டம். எங்கள் வீட்டுச் சட்டம். மத்தியானம் நான் தூங்கிக்கொண்டிருந்தபோது யாழினி ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

"இந்த ஊர்ல வந்தது இது ஒண்ணுதான்," என்றார் டீச்சர். "மைனர்ங்கறதால உங்க கையெழுத்து வேணும். போட்டுடுங்க. ஒண்ணு வந்துட்டா மத்தவங்களைக் கேக்க எனக்கு ஒரு வாய் இருக்கும்."

யாழினி கதவோரம் நின்று பேனாவை நீட்டினாள். மூச்சு லேசாக இழுத்தது.

நான் சட்டத்தை வாங்கிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். நான் அப்படிச் சிரித்து எடுத்த படம் வேறு கிடையாது.

"எல்லாரும் போடட்டும் டீச்சர். கடைசியா நான் போட்டுடறேன்."

"எல்லா ஊட்டுலயும் அதைத்தாங்க சொல்றாங்க. இருபத்தேழு பேரும் கடைசியாப் போடறாங்களாம்." அவர் பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். படிக்கட்டில் ஒரு கால் வைத்துவிட்டு, வெறுத்துப்போய்ச் சொன்னார்: "மொதல்ல திருப்பிக் குடுக்கறவங்களுக்கு ஒரு சான்றிதழ் குடுக்கறோம்னு சொன்னாத்தான் இந்த ஊர் நகரும்போல."

நான் பேனாவின் மூடியைத் திறந்தேன்.

"அதுலயும் போட்டோ கலர்ல வருங்களா டீச்சர்?"